குடியிருந்தால்தான் பழமை

பழைய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. மலேசியாவில் நான் இருக்கும் லூமுட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நெதர்லாந்து என்றால் ஏப்ரல் மாதம், துலிப் தோட்டம், காற்றாலை, அதற்கு முன்னால் நின்று ஒரு படம். "ஜனவரியில போயி என்னத்தண்ணே பார்க்கப் போறீங்க, இருட்டையா?" என்று படகுத்துறைப் பக்கம் கருவாடு விற்கும் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆம்ஸ்டர்டாமில் ஜனவரித் தொடக்கத்தில் காலை எட்டே முக்கால் தாண்டித்தான் வெளுக்கும். மாலை நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பனி கொட்டும் என்று நம்பிப் போனவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சாரலும் காதை அறுக்கும் காற்றும்தான்.

ஆனாலும் மகன் அங்கே வேலையில் இருக்கும் தைரியத்தில் குளிரிலேயே போய் வந்தோம். டிக்கெட் விலை குறைவு என்பது ஒரு காரணம். போன பிறகு வேறு காரணங்கள் கிடைத்தன.

அந்த நகரத்தின் வளையக் கால்வாய்கள் 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை. யுனெஸ்கோ 2010இல் அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கரையெங்கும் எல்ம் மரங்கள். கோடையில் இலை அடர்ந்து வீடுகளின் முகப்பைப் பாதி மறைத்துவிடுமாம். குளிரில் எல்லாம் மொட்டை. கூரை விளிம்பின் வளைவு, கதவுக்கு மேல் செதுக்கிய கல், முன்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும் சுவர் என்று ஒன்று விடாமல் கண்ணில் படுகிறது. நாலரை மணிக்கு விளக்கு ஏற்றுகிறார்கள். திரை போடும் வழக்கம் அங்கே குறைவு. ஒருவர் பாத்திரம் துலக்குகிறார், ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதுகிறாள், இன்னொரு வீட்டில் யாரோ தொலைக்காட்சிக்கு முன் தூங்கிவிட்டார்கள். முந்நூறு வருடத்துச் சுவருக்குள் சாதாரண செவ்வாய்க்கிழமை நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு நாள் காலை தெருவில் சின்னக் கூட்டம். அந்த வீடுகளின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி. முற்காலத்தில் சரக்கை மேல்மாடிக்கு இழுக்க வைத்தது. மாடிப்படி ஏணி போலக் குறுகலானது என்பதால் இன்றைக்கும் தட்டுமுட்டுச் சாமான் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. இரண்டு பேர் தெருவில் நின்று கயிற்றை இழுக்க, துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று ஆடியபடி மேலே போனது. மூன்றாவது மாடி சன்னலில் இருந்து ஒரு பெண்மணி அதைக் கட்டிப்பிடித்து உள்ளே வாங்கினார். சுவர் ஏன் முன்னால் சாய்ந்திருக்கிறது என்பது அப்போது விளங்கியது: ஏறும் சாமான் சுவரில் மோதக் கூடாது. கட்டியவன் மிளகு மூட்டையை நினைத்துச் செய்தது இன்று சலவை இயந்திரத்துக்கு உதவுகிறது. அருங்காட்சியகத்தில் அந்தக் கொக்கியைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் நான் நின்று பார்த்திருக்க மாட்டேன்.

இந்த ஊர் நிற்பதே சேற்றில். ஏறக்குறைய 12 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணல் அடுக்கு வரை மரத்தூண்களை அடித்து இறக்கி, அவற்றின் தலையில் வீடு கட்டியிருக்கிறார்கள். 1648இல் அடிக்கல் நாட்டி நகரமன்றமாகக் கட்டிய இன்றைய அரண்மனைக்கு மட்டும் 13,659 தூண்கள். மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்வரை கெடாது. நீர்மட்டம் இறங்கித் தூணின் தலையில் காற்றுப் பட்டால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். ஆகவே மதகும் பம்பும் வைத்து நீர்மட்டத்தை ஆண்டு முழுக்க ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள். அப்படியும் அடித்தளம் இளைத்துவிட்டால் வீட்டுக்காரர் பெருந்தொகை செலவழித்துப் புதுத் தூண் இறக்க வேண்டும். பழமை அங்கே தானாக நிற்கவில்லை. யாரோ ஒருவர் நேற்றும் தண்ணீரை அளந்தார், இன்றும் அளக்கிறார்.

ஔடே ஹோக்ஸ்ட்ராட் என்ற தெருவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இன்றும் இருக்கிறது. 1602இல் தொடங்கி 1799இல் முடிந்துபோன கம்பெனி. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான், பேராக் ஈயத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள 1670இல் எங்கள் எதிர்க்கரையில், பங்கோர் தீவின் தெலுக் கெடோங்கில் ஒரு கோட்டை கட்டியது. 1690இல் உள்ளூர்க்காரர்கள் அதைத் தாக்கினார்கள். டச்சுக்காரர்கள் விட்டுப் போனார்கள். 1743இல் திரும்பி வந்து 1748இல் மறுபடி கைவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 1973இல் அருங்காட்சியகத் துறை எடுத்துக் கட்டிய செங்கல் சுவர்கள். கூரை கிடையாது, சுற்றிப் புல்வெளி, அறிவிப்புப் பலகை, பக்கத்தில் நினைவுப்பொருள் கடைகள்.

தலைமையகத்து முற்றத்தில் நின்றபோது இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அங்கே ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக மாணவர்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் கம்பெனியின் பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது, சிறுமையும்தான்; ஆனால் கட்டடத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் கோட்டைக்கு வேலை இல்லை. அது சரக்கு வைக்கவும் துப்பாக்கி வைக்கவும் கட்டியது. யாருடைய வீடாகவும் அது இருந்ததில்லை. சரக்கு போனதும் சுவரும் போனது.

இரண்டும் செங்கல்தான். ஆனால் ஒன்றில் மனிதர்கள் தொடர்ந்து இருந்தார்கள், இன்னொன்றில் இல்லை. பழமை என்பது கல்லின் வயது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது குடியிருந்தவர்களின் தொடர்ச்சி என்று படத் தொடங்கியது அந்த முற்றத்தில்தான்.

அங்கிருந்து நடந்தால் சில நிமிடங்களில் நியூமார்க்ட் சதுக்கம். நடுவில் 1488இல் நகரவாசலாகக் கட்டிய பழைய கோபுரக் கட்டடம். அதைத் தாண்டி யோடன்பிரேஸ்ட்ராட்டுக்குப் போனால் வீடுகளின் வயது சட்டென்று குறைந்துவிடுகிறது. அது பழைய யூதர் பேட்டை. போரின்போது நாஜிகள் அங்கிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நெதர்லாந்து முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு 1944–45 குளிர்காலம் வந்தது. உணவு இல்லை, நிலக்கரி இல்லை. துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் செத்தார்கள். குளிர் தாங்காத ஊர்மக்கள் ஆளில்லாமல் கிடந்த யூதர் வீடுகளுக்குள் நுழைந்து மாடிப்படி, தரைப்பலகை, உத்தரம் என்று அடுப்புக்குப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். உத்தரம் போனதும் வீடுகள் இடிந்து விழுந்தன. குண்டு விழாத தெருவில் வீடு விழுந்த கதை இது. காவலுக்கு ஆள் இருந்த வீடு அதே குளிரைத் தாங்கி நின்றது.

எழுபதுகளில் அந்த வட்டாரத்துக்கு அடுத்த சோதனை. கீழே மெட்ரோ, மேலே அகலச் சாலை, அதற்காக வீடுகளை இடிப்பது என்று திட்டம் போட்டார்கள். குடியிருந்தவர்கள் வெளியேற மறுத்தார்கள். 1975 மார்ச் 24ஆம் தேதி போலீஸ் வந்து கண்ணீர்ப்புகை அடித்தது. மெட்ரோ வந்துவிட்டது, அகலச் சாலை வரவில்லை. இடித்த இடத்தில் பழைய தெருவின் வளைவு மாறாமல் புது வீடுகள் எழும்பின. அந்தப் போராட்டத்தின் நினைவை மெட்ரோ நிலையத்தின் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வீடு இடிக்கும் இரும்புக் குண்டுகூட அங்கே கலைப்பொருளாகத் தொங்குகிறது. சுற்றுலாப் பயணி ரசிக்கும் அழகிய நகரம் பாதி கட்டட மேதைகளால் ஆனது, மீதிப் பாதி நகர மறுத்தவர்களால் ஆனது.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பிறந்தவன் நான். எங்களுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு, குளிர் இல்லாமல். தைப்பூசத்தை ஒட்டிப் பால்மரம் இலை பழுத்து உதிரும். காடு முழுக்க மொட்டையாகி, நிரைக்குள் வெயில் இறங்கும். பால் குறையும், சம்பளம் குறையும், கடைக்கணக்கு மட்டும் ஏறும். இலை அடர்ந்த காலத்தில் கண்ணுக்குப் படாதது அப்போது படும்: மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, பள்ளத்தில் எங்கள் லயம், எல்லையில் கோயில். யார் எங்கே வைக்கப்பட்டார்கள் என்பதை மரம் மறைத்து வைத்திருந்தது.

இன்று அங்கே லயம் இல்லை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. வேலை போனதும் வீடும் போனது. வீடு வேலையோடு சேர்த்துக் கொடுத்தது, வேலையோடு சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மூன்று தலைமுறை பிறந்து, மணமுடித்து, செத்த இடத்தில் ஒரு சதுர அடிக்குக்கூட எங்கள் பெயரில் காகிதம் இருந்ததில்லை. நாடு முழுக்கத் தோட்டப்புறத்தில் நடந்தது பெரும்பாலும் இதுதான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோதே ஆபத்தை உணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நிலத்தை நாமே வாங்குவோம் என்றார். பால் வெட்டியவர்கள் சேர்த்த காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நம்மிடம் நகர மறுக்கும் புத்தி இல்லாமல் இல்லை; எல்லாத் தோட்டத்துக்கும் அது எட்டவில்லை.

"லயத்தைப் போய் யாராவது பாதுகாப்பார்களா?" என்று கேட்கலாம். ஒழுகும் கூரைக்கும் பொதுக் குழாயடிச் சண்டைக்கும் ஏங்கி யாரும் அழவில்லை. ஆம்ஸ்டர்டாம்காரர்களும் 17ஆம் நூற்றாண்டுக் கழிப்பறையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. சுவருக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, மாடியில் சலவை இயந்திரம் ஏறுகிறது. அவர்கள் காத்தது வீட்டை அல்ல, அதே இடத்தில் நல்ல வீட்டில் வாழும் வாய்ப்பை. எங்களுக்கும் அதே மண்ணில் ஒழுகாத கூரை கிடைத்திருந்தால் போதும். பழமை தானாக வந்து சேர்ந்திருக்கும்.

எஞ்சியது கோயில்தான். செம்பனைக்கு நடுவே எத்தனையோ தோட்டத்துக் கோயில்கள் இன்னும் நிற்கின்றன. திருவிழா என்றால் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள்; இன்னார் வீடு இங்கே இருந்தது, இங்கே ஆயாக்கொட்டகை என்று பிள்ளைகளுக்குச் செம்பனை மரத்தைக் காட்டுகிறார்கள். பங்கோரில் மாசி மகத்துக்குக் கூடும் கூட்டத்திலும் இப்படி வந்தவர்கள் நிறைய. நல்ல விஷயம். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுவதை ஊர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மற்ற நாள்களிலும் அங்கே யாராவது பாத்திரம் துலக்க வேண்டும், வீட்டுப்பாடம் எழுத வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமும் இப்போது இதே கவலையில் இருக்கிறது. போலீஸ் வந்தும் முழுக்கக் காலியாகாத வட்டாரத்தைச் சுற்றுலாக்காரர்கள் காலி செய்துவிடுவார்களோ என்ற பயம். சொந்த வீட்டைப் பயணிகளுக்கு விடுவதென்றால் ஆண்டுக்குச் சில இரவுகள்தான் அனுமதி. விடுதிக் கட்டணத்தின் மேல் போடும் வரியை 2024இல் 12.5 விழுக்காடாக உயர்த்தினார்கள். நம்மைப் போன்றவர்கள் வரவேண்டாம் என்பதல்ல. தங்கள் ஊர்க்காரர்கள் இருக்க வேண்டும் என்பது.

திரும்பும் முன் மகன் ஒரு யோசனை கேட்டான். "அப்பா, லூமுட்ல ஒரு வீடு வாங்கி ஹோம்ஸ்டேக்கு விடலாமா? பங்கோர் போற கூட்டம் இருக்கே, நல்லா ஓடும்பா." ஓடும்தான். வாரக் கடைசியில் எங்கள் தெருவிலேயே பாதி வீடுகள் அப்படி ஓடுகின்றன. திங்கட்கிழமை பூட்டிக் கிடக்கின்றன. "வாங்கு," என்றேன், "ஆனா குடும்பத்துக்கு விடு. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருக்கிற குடும்பமாப் பார்த்து, அஞ்சு வருஷத்துக்கு எழுதிக்கொடு." வருமானம் குறையுமே என்றான். குறையும். தண்ணீர்மட்டம் அளப்பதற்கும் அங்கே யாரோ பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்றான். போடட்டும். வாடகையை எழுதும்போது, அந்தத் தெருவில் தன் பிள்ளைக்கு இருபது வருடம் கழித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவராவது இருப்பாரா என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.