கருவுற்ற செய்தியை எப்போது சொல்ல வேண்டும்?

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்து, கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ பதிவு எண் வாங்குவது வழக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு அந்தப் பதிவுதான் தொடக்கம். “மூணு மாசம் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்று பெரியவர்கள் சொல்லும் வீட்டில்கூடச் செவிலியரிடம் மறைக்கச் சொல்வதில்லை. அவரிடம் சொன்னால் சத்து மாத்திரை வரும், தடுப்பூசி வரும், பணமும் வரும். அதே பெண் வேலைக்குப் போகும் இடத்தில் ஐந்தாம் மாதம் வரை துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறாள். அங்கே சொன்னால் புரொபேஷன் நீளலாம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபடலாம்.

அப்படி மறைப்பது நேர்மைக் குறைவா?

முதலாளியின் பக்கத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை டிசம்பரில் விடுப்பில் போகப்போகிறார் என்றால், அதை ஜூலையில் அறிந்த பள்ளி வேறொருவரைத் தேடிக்கொள்ளும். நவம்பர் கடைசியில் அறிந்த பள்ளி திண்டாடும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளும் திண்டாடுவார்கள். ஆறு மாதம் ஆள் இருக்கமாட்டார் என்பது வேலையைப் பாதிக்கிற செய்திதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் இதுவரை என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல், சொல்லாதவளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

எல்.ஐ.சி. ஒரு காலத்தில் வேலைக்குச் சேரும் பெண்களிடம் ஒரு படிவத்தை நீட்டியது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, இதுவரை எத்தனை முறை கருவுற்றாய் என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. அதை நிரப்பிச் சேர்ந்த ஒரு பெண் பிரசவ விடுப்பில் இருந்தபோது, 1990 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கடைசி மாதவிலக்குத் தேதியைத் தவறாக எழுதியிருந்தார் என்பது நிறுவனத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கேள்விகளே பெண்ணைக் கூனிக் குறுக வைப்பவை, அவற்றைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று 1991இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. எழுதிய பதில் தவறு என்பதைவிட, கேட்க உரிமையில்லாத கேள்வியைக் கேட்டதே பெரிய தவறு என்று அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம். நேர்முகத் தேர்வில் “இப்போதைக்குக் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா” என்று கேட்கப்படும் பெண் “இல்லை” என்று சொன்னாலும் அந்தப் பொய்யின் பெரும்பங்கு கேட்டவரையே சேரும். பதில் சொல்ல மறுத்தால் வேலை கிடைக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

அதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் பணியில் சேரத் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்று பாரத ஸ்டேட் வங்கி 2021 கடைசியில் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அதைக் கைவிட்டது. 2022இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியின் விதியைப் பற்றியும் இதே சர்ச்சை எழுந்தது. அரசு வங்கிகளிலேயே இந்த நிலை என்றால் தனியார் ஆஃபீஸில் வேலை பார்ப்பவள் எதை நம்பி வாய் திறப்பாள்?

2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் இந்த அச்சத்தை உணர்ந்தே எழுதப்பட்டதுபோல் இருந்தது. இத்தனையாவது வாரத்தில் சொல்லியாக வேண்டும் என்று அது கெடு வைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் அறிவிப்பு கொடுக்காதவள் பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கலாம். கொடுக்கத் தவறினாலும் உரிமை போகாது என்றது. 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியதோடு, வேலையில் சேரும் அன்றே இந்தச் சலுகைகளை அவளுக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடமையை நிறுவனத்தின்மேல் வைத்தது. முதலில் பேச வேண்டியவர் முதலாளி என்பதே அதன் பொருள். ஆனால் அந்த 26 வாரச் சம்பளம் முழுவதையும் அவர் தலையிலேயே கட்டியதில்தான் சட்டம் சறுக்கியது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. மகப்பேற்றுச் செலவு தனி ஒரு முதலாளியின் பொறுப்பாகக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை.

சொல்லியே ஆக வேண்டிய இடமும் உண்டு. எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள் கருவுற்றது தெரிந்ததும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன இந்தியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள். அதன்பின் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி அவளுடைய பணி மாற்றப்படும். இதில் தயங்க ஒன்றுமில்லை. வயிற்றில் இருப்பதற்குத் தனக்காகப் பேச வாயில்லை. ஆனால் அப்படிச் சொன்னதையே காரணமாக்கி அவளை வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் நெறிகள் கூடவே எழுதி வைத்திருக்கின்றன. கடமையையும் காப்பையும் ஒன்றாகக் கட்டிய இந்த முறையைத்தான் மற்ற தொழில்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனத்தைவிடப் பக்கத்து மேசைக்காரிக்கு இந்தச் செய்தியில் உரிமை அதிகம். வார்டில் இரண்டு நர்ஸுகள் பார்க்கும் நைட் டியூட்டி முழுவதும் ஒருத்தி தலையில் விழப்போகிறதென்றால், அவள் அதைக் கடைசி வாரத்தில் அறிவது வஞ்சனை. கரு நிலைக்குமா என்று தெரியாத முதல் மூன்று மாதம் கர்ப்பிணிக்கே உரியது. பெரும்பாலான கருச்சிதைவுகள் அப்போதுதான் நேர்கின்றன. அதற்குப் பிறகும் உடன் உழைப்பவளிடம் மறைப்பதற்குக் காரணம் குறைந்துகொண்டே வருகிறது. மேனேஜர் காதுக்குப் போய்விடும் என்ற பயம் இருந்தாலும், நம்பத் தகுந்த ஒருத்தியிடமாவது சொல்லிவிடுவதே முறை.

மிகக் கடினமான இடம் நாலு பேர் வேலை செய்யும் தையல் கடை. பத்துப் பேருக்குக் குறைந்த கடையை அந்த 1961 சட்டம் தொடவில்லை. உரிமையாளரான அக்காவும் தவணைக்கு வாங்கிய மெஷினில் உட்கார்ந்து தைக்கிறாள். ஐப்பசியில் தீபாவளி ஆர்டர் குவியும்போது ஒருத்தி போய்விட்டால் கடையே நொடித்துப்போகும். ஆவணியிலேயே சொன்னால் அக்கா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள், சொன்னவளுக்குத் திரும்பி வர இடம் இருக்காது. அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவதே சரி என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் சொன்னதற்காக வேலையை இழப்பவளுக்கு அரசின் மகப்பேறு உதவியான 18,000 ரூபாயைத் தவிரப் பெரிதாக வேறு ஆதரவு இல்லாதபோது, அந்த நேர்மையின் விலை முழுவதையும் அவளிடமே வசூலிக்கிறோம். இ.எஸ்.ஐ.யின் கதவு அந்தத் தையல் கடைக்கும் திறக்க வேண்டும்.