ஊழியம் என்ற சொல்லும் வாலிபர் பணியும்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைப்பணியைக் குறிக்க வழங்கும் ‘ஊழியம்’ என்ற சொல்லுக்குத் தென் திருவிதாங்கூரில் வேறொரு வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்ட சாதியினரிடமிருந்து அரசு கூலியின்றி வாங்கிய கட்டாய உழைப்புக்கு அங்கே ஊழியம் என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைத்ததே பெரும் விடுதலையாக எண்ணப்பட்டது. சுமத்தப்பட்டால் அடிமைத்தனமாகவும், விரும்பி ஏற்றால் இறைப்பணியாகவும் ஆகின்ற இச்சொல்லை வைத்தே, திருச்சபை தன் வாலிபர்களை எந்தப் பொருளில் ஊழியத்துக்கு அழைக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையில், குழந்தையாயிருந்தபோது பெற்றோர் தன் சார்பில் அறிக்கையிட்ட விசுவாசத்தை ஒருவர் தம் வாயாலேயே ஏற்றுச் சொல்லும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பின், அவர் திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினராகிறார். ஆயினும் அந்த உறுப்புரிமை நடைமுறையில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை அசனப் பண்டிகையில், அதாவது திருநெல்வேலிச் சபைகளில் ஊரார் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்தில், காணலாம். வடித்த சோற்றைப் பாயில் கொட்டி ஆற்றுபவர்களும், குழம்பு வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடுபவர்களும், கடைசியில் எச்சில் இலை எடுப்பவர்களும் வாலிபர்களே. ஆனால் அசன வரியையும் சபையின் பிற செலவுகளையும் முடிவுசெய்யும் கமிட்டியில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை.

வாளி தூக்குவது இழிவு என்பது இதன் பொருளன்று. ஊழியத்துக்குரிய கிரேக்கச் சொல்லான ‘தியாக்கோனியா’ பந்தி பரிமாறுதலையும் குறிக்கும். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கு எழுவர் ஏற்படுத்தப்பட்டபோது, சபையே அவர்களைத் தெரிந்தெடுத்தது, அப்போஸ்தலர்கள் அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். அவ்வெழுவரில் ஒருவரான ஸ்தேவான்தான் பின்னர் வசனத்தைப் பேசி உயிரையும் கொடுத்தார். அங்கே உழைப்பும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தன. இன்று உழைப்பு மட்டும் வாலிபர் கைக்கு வந்திருக்கிறது.

வாலிபர் கையில் பொறுப்பும் இருந்ததற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் 1903-இல் தோன்ற முன்னின்றபோது அவருக்கு வயது 28. லண்டனில் 1844-இல் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் துணிக்கடை ஊழியராயிருந்த 22 வயது இளைஞர். அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியபோது, மேலைநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையும் ஈகையையும் நன்றியோடு ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கும் மேலாக நட்பைக் கேட்டார். சமமாக அமர்த்தப்படாதவனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது போதாது என்று அவர் கண்டிருந்தார்.

வாலிபர் ஐக்கியத்தை நடத்துபவர் முதலில் கற்க வேண்டியதும் அந்த நட்பையே. கூடுகைக்குப் பாட்டும் விளையாட்டும் ஏற்பாடு செய்வது எளிது. வேலை கிடைக்காத பட்டதாரியின் கசப்பையும், சாதி கடந்து மணக்க விரும்பும் பெண்ணுக்குச் சபைக் குடும்பத்திலேயே எழும் எதிர்ப்பையும், விசுவாசத்தைப் பற்றிய மெய்யான சந்தேகத்தையும் அதட்டாமல் கேட்பதற்கு நீண்ட பொறுமை வேண்டும். அவ்வாறு கேட்கப்பட்டவரே பிறர் சுமையைச் சுமக்க மனமுவந்து முன்வருவார். ஆகவே சபை மூப்பர்கள் அடுத்த கமிட்டித் தேர்தலில் தங்கள் இடங்களில் சிலவற்றையேனும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வரவு செலவுக் கணக்குப் புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.