பிள்ளை எனும் அமானிதமும் மருத்துவ ஆய்வும்



இனயத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாப்பாமார்களில் பலர் பொருள் தேடிக் கடல் கடந்து போயிருக்கிறார்கள். பிள்ளைக்குக் கடுமையான நோய் கண்டால் ஆசாரிப்பள்ளத்திற்கோ, திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுபவள் உம்மாதான். அங்கே ஒரு டாக்டர், "ஓர் ஆய்வு நடக்கிறது, உங்கள் பிள்ளையையும் சேர்க்கலாமா?" என்று படிவத்தை நீட்டினால் அவள் என்ன செய்வாள்? பயந்து மறுப்பாள், அல்லது டாக்டர் சொன்னால் சரிதான் என்று படிக்காமலே கையெழுத்திடுவாள். இரண்டுமே அமானிதத்தைப் பேணும் முறையல்ல.

மார்க்கம் மருத்துவத்திற்குத் தடையாக நிற்கவில்லை. மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டு வந்த கிராமத்து அரபிகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதியே வழங்கினார்கள். ஆய்வு என்பதும் நமக்கு அந்நியமன்று. கி.பி. 925 வாக்கில் மறைந்த ஹகீம் அர்ராஸீ, சிர்சாம் எனும் மூளைக் காய்ச்சல் கண்டவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்தார், மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார். எது பலன் தருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் நோக்கம். குழந்தை நோய்கள் பற்றித் தனி நூலும் எழுதியவர் அவர்.

அதே ஒப்பீட்டு முறைதான் நம் காலத்துச் சென்னையிலும் நடந்தது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, மூளையைத் தாக்கும் காசநோய் கண்ட பிள்ளைகளிடம் மூன்று மருந்து ஆய்வுகள் நடத்தி 1986-ல் முடிவை வெளியிட்டன. நோய் முற்றிய பின் கொண்டு வரப்பட்ட பிள்ளைகளே அதிகமாக இறந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. மந்திரித்துப் பார்க்கலாம், நாளை போகலாம் என்று தாமதிக்கும் வீடுகள் இதைக் காதில் வாங்க வேண்டும்.

அண்மையில் நடந்தது 'ஷைன்' ஆய்வு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில், 16 வயதுக்குட்பட்ட 1204 பிள்ளைகள் இதில் சேர்ந்தார்கள். நம் நாட்டில் சென்னையும் பூனாவும் இதன் மையங்கள். கடுமையல்லாத காசநோய்க்கு வழக்கமான 6 மாத மருந்தா, 4 மாதம் போதுமா என்பதே கேள்வி. 2022-ல் வெளியான முடிவு, இரண்டும் சமமே என்றது. உலக சுகாதார நிறுவனமும் அவ்வகை நோய்க்கு 4 மாதத்தை ஏற்றுக்கொண்டது. இரண்டு மாத மாத்திரை மிச்சம்! தினமும் பிள்ளையைக் கெஞ்சி மருந்து கொடுத்த உம்மாவுக்கே அதன் அருமை தெரியும். முன்பின் தெரியாத 1204 வீடுகள் சம்மதித்ததால் கிடைத்த நன்மை இது.

ஆனால் இங்கே ஒரு தடை இருக்கிறது, அதை மறைக்கலாகாது. ஜித்தாவில் 1992-ல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, சிறுவர் போன்ற முழுத் தகுதி பெறாதவர்களிடம் மருத்துவ ஆய்வு நடத்துவது, வலீ சம்மதித்தாலும் கூடாது என்று தீர்மானித்தது. ஏழையைப் பணத்தால் இழுப்பதையும் அது கண்டித்தது. அப்படியானால் ஷைன் போன்றவை? பிள்ளைக்குப் பயனே இல்லாமல் வெறும் சோதனைக்கு ஒப்படைப்பது வேறு. தன் நோய்க்கு மருந்து பெறும் பிள்ளை, மருத்துவர்கள் நல்லெண்ணத்துடன் சமமாக மதிக்கும் இரு முறைகளில் ஒன்றைப் பெறுவது வேறு. இரண்டாவது, சிகிச்சையின் எல்லைக்குள் அடங்கும் என்பதே எம் எண்ணம். ஐயமுள்ளவர்கள் தங்கள் ஊர் ஆலிம்களிடம் விளக்கம் பெறட்டும். வலீயின் அதிகாரம் பிள்ளையின் நலனுக்காகவே தரப்பட்டது. பிள்ளை அவருடைய சொத்தல்ல.

நாட்டுச் சட்டமும் பாதுகாப்பு தருகிறது. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் இசைவு கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை. விலகுவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். காசநோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து.

ஆகவே சகோதரியே, கேளுங்கள்: இதில் சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன மருந்து? சேர்ந்தால் கூடுதலாக எத்தனை முறை இரத்தம் எடுப்பீர்கள்? தீங்கு நேர்ந்தால் யாரைத் தேடி வருவது? விளங்கும் தமிழில் பதில் கேளுங்கள். படிவத்தைப் படமெடுத்து வளைகுடாவிலுள்ள வாப்பாவுக்கு அனுப்பி, இருவரும் கலந்து பேச ஓரிரவு அவகாசம் கேட்பதும் உங்கள் உரிமையே. அதைத் தர மறுக்கும் இடத்தில் பேனாவைத் தொடாதீர்கள்.