செம்மஞ்சள் விளக்கு மினுங்கும்போது

தெல்தோட்டைக்கு மேலே, லூல்கந்துர தோட்டத்துப் பக்கம் மழைநாளில் ஜீப்பில் ஏறிப் பார்த்தவருக்கு, இரண்டு சில்லுகளுக்கும் பலத்தைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷலின் குணம் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். ஒரு பின்சில்லு கல்லின்மேல் நிற்கிறது. மற்றது செஞ்சேற்றில் வழுக்கிச் சுழல்கிறது. எஞ்சினின் பலமெல்லாம் சுழலும் சில்லுக்கே போவதாகத் தோன்றும். உண்மையில் டிஃபரன்ஷல் இரண்டுக்கும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் கொடுக்கிறது. சேறு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவே கல்லில் நிற்கும் சில்லுக்கும் கிடைக்கும். அது வண்டியை நகர்த்தப் போதாது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட மலை அது. இந்த மலைகளில் பாதை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த எங்கள் மூதாதையர். இன்றைக்கும் பிரசவ வலி கண்ட பெண்ணை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டுமென்றால் இப்படியான பாதைகள்தான். ஆகவே பழைய ஜீப் ஒன்றின் பின்அச்சைப் பற்றி இத்தனை நேரம் யோசிப்பதை நான் பொழுதுபோக்காக நினைக்கவில்லை.

*

டிஃபரன்ஷலைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளில், ஒவ்வொரு திருப்பத்திலும் வெளிச்சில்லு உட்சில்லைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிவைத்தால் டயர் தேயும், அச்சு முறுகும், வண்டி திரும்ப மறுக்கும். ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு நீராவி வண்டிக்காக 1820களின் பிற்பகுதியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். இருநூறு ஆண்டுகள் நெருங்கியும் அடிப்படை மாறவில்லை.

லொக் செய்வது, இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் அந்தச் சுதந்திரத்தைச் சில நிமிடங்களுக்கு நிறுத்திவைப்பது. 1990இல் வந்த 80 வரிசை லாண்ட் குரூசரில் லொக் பொருத்திய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பின்அச்சின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மின்மோட்டார். அது பற்சக்கரங்கள் வழியாக ஒரு கவையைத் தள்ளும். கவை ஒரு பல்வளையத்தை நகர்த்தும். பல்லோடு பல் கோத்ததும் இரண்டு பின்சில்லும் ஒன்றாகச் சுழலும். லோ கியரில் மட்டும், மணிக்கு 8 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் மட்டும் அது பூட்டிக்கொள்ளும். டாஷ்போர்டில் செம்மஞ்சள் விளக்கு முதலில் மினுங்கும். பூட்டிய பிறகு நிலையாக எரியும்.

*

மினுங்குவதைக் கண்டு பதற்றப்பட வேண்டியதில்லை. மோட்டாருக்கு உத்தரவு போய்விட்டது, அச்சிலிருந்து பதில் இன்னும் வரவில்லை என்பதே அதன் பொருள். பற்கள் இடைவெளிகளுக்கு நேரே வரும்வரை மோட்டாரின் தள்ளலை உள்ளே ஒரு சுருள்வில் தேக்கி வைத்திருக்கும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஒடித்தபடி நாலைந்து அடி நகர்ந்தால் பல வேளை 'டக்'கென்று விழுந்துவிடும். கழற்றும்போதும் இப்படித்தான்: பற்களின்மேல் பாரம் இருக்கும்வரை அவை விலகா. கொஞ்சம் பின்னால் எடுத்தால் பாரம் இறங்கும்.

நகர்ந்தும் மினுங்குகிறது என்றால்தான் தேடல் தொடங்க வேண்டும். கட்டுகஸ்தோட்டையில் நான் நம்பிப் போகும் மெக்கானிக் பாஸ் ஒருவர் இருக்கிறார். ஸ்பேனரைத் தொடுமுன் எஞ்சினை நிறுத்தச் சொல்வார். சாவியை மட்டும் திருப்பி, லோ கியரில் போட்டு, நடு டிஃபரன்ஷலின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். அது எரியாவிட்டால் பின்லொக்கின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. கியர்பெட்டிப் பக்கத்து சுவிட்சைப் பார்க்க வேண்டும். எரிந்தால், வண்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வார். "தம்பி, இப்ப லொக் குமிழத் திருப்புங்க. பேசாம இருங்க."

அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். கராஜில் ரேடியோவையும் நிறுத்திவிடுவார்கள். அச்சிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சிறு சத்தம் வந்தால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் பியூஸ், வயர், இணைப்பு, கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பார்ப்பார். இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தால் பித்தளைக் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருப்பது உண்டு.

சத்தம் வந்தும் மினுங்கினால் வேறு சோதனை. பின்அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கை பிரேக்கை இங்கே நம்ப முடியாது, அது பின்சில்லுகளையே பிடிக்கிறது. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் விட வேண்டும். லொக் போடாதபோது ஒரு சில்லைக் கையால் சுழற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுழலும். லொக் விழுந்திருந்தால் இரண்டுமே அசையா. சில்லு அசையவில்லை, விளக்கு மட்டும் மினுங்குகிறது என்றால் பூட்டு நன்றாகவே இருக்கிறது. அதைத் தெரிவிக்க வேண்டிய சிறிய சுவிட்ச்தான் பழுது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை மோட்டார்களை மாற்றியிருப்பார்களோ!

*

மோட்டார் கெடுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அதன் உறைக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. மலை ஏறிச் சூடான அச்சு ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும். குழாய் வெடித்தோ கழன்றோ இருந்தால் காற்றுக்குப் பதில் ஓடைநீரை உறிஞ்சிக்கொள்ளும். நக்கிள்ஸ் பக்கம் ஓடை கடக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழாயைத்தான்.

மோட்டாரைத் திறந்தால், அலுமினிய உறையில் வெள்ளைப் பொடி, இரும்புப் பற்களில் துரு. சிலவற்றில் காந்தங்கள் ஒட்டு விட்டு உருளையோடு சிக்கியிருக்கும். பாஸ் அவற்றை எடுக்குமுன் இடத்தைக் கீறி அடையாளம் வைப்பார். இரண்டும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். துரு நீக்கி, எபொக்சியால் ஒட்டி, கிரீஸ் பூசி, புது ஓரிங் போட்டு மூடுவார். ஒரு பகல் வேலை.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் இருப்பதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியிருக்கவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பானில் கழற்றிய அச்சுகள் கிடைக்கலாம். ஆனால் அந்த மோட்டாரும் அதே வயதுடையது, அதற்குள்ளும் அதே துரு இருக்கக்கூடும். திறந்து பார்க்கக் கூடியதைத் திறக்காமல் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பொருள் எப்படிக் கெட்டது என்று தெரியாமல் மாற்றினால் அடுத்ததும் அதே வழியில்தான் கெடும்.

இந்தப் பழுதுகளில் தேய்மானத்தால் வந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தண்ணீர் தவிர, தொடாமல் விட்டதால் வந்ததே அதிகம். வருடக்கணக்காக யாரும் லொக் குமிழைத் திருப்பியிருக்க மாட்டார்கள். கவை ஒரே இடத்தில் உறைந்துபோயிருக்கும். முதியவர்களின் முழங்காலைப் போல, நடவாத மூட்டு இறுகுகிறது. பேராதனையில் வீடு, கண்டி நகரில் வேலை என்று தார் வீதியிலேயே ஓடும் ஜீப்புகளில் இது அதிகம்; தோட்டத்தில் நாளும் சேற்றை உழும் வண்டிகளில் குறைவு.

ஆகையால் லொக் உள்ள பழைய நாலு சில்லு இழுவை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு தடவை புல்தரையிலோ ஈரமண்ணிலோ நிறுத்தி, லோ கியர் போட்டு, லொக்கைப் போடுங்கள். விளக்கு நிலையாக எரியும்வரை மெல்ல நகருங்கள். கழற்றி, விளக்கு அணைந்ததைக் கண்ட பிறகே தார் வீதிக்கு ஏறுங்கள். ஐந்து நிமிட வேலை. அடுத்த மழைக்கு முன் செய்துவிடுங்கள்.