எபேசில் இரண்டு மணி நேரம்

துருக்கியின் மேற்குக் கரையில் இருக்கிறது குசாதாசி துறைமுகம். சுற்றுலாக் கப்பல்கள் காலையில் வந்து கட்டும். பெரும்பாலும் அன்று மாலையே கிளம்பிவிடும். கரையில் பேருந்துகள் வரிசையாக நிற்கும். இறங்குகிற பயணியின் சட்டையில் பேருந்து எண் எழுதிய ஒட்டுவில்லை. காதில் வழிகாட்டியின் குரலைக் கேட்க ஒரு சிறு கருவி. அரை நாளில் மலைமேல் இருக்கும் கன்னி மரியாளின் வீடு, எபேசு நகரத்தின் இடிபாடுகள், முடிவில் பல சமயம் ஒரு கம்பளக் கடை. வருகிறவர்களில் வேதாகமம் படித்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். எபேசு என்ற பெயரை ஞாயிறு பிரசங்கங்களில் கேட்டே பழகியவர்கள். அவர்கள் போவது சுற்றுலாவா, திருத்தல யாத்திரையா? கப்பல் நேரத்துக்குள் திரும்பியாக வேண்டிய ஒருவருக்கு ஒரு புனிதத் தலம் எதையாவது கொடுக்குமா?

கொடுக்காது என்று சொல்லிவிடுவது எளிது. அந்தக் காலத்து யாத்ரீகர் மாதக்கணக்கில் நடந்தார், பசித்தார், வழிப்பறிக்குப் பயந்தார். அந்தச் சிரமமே பக்தியாக இருந்தது. 4-ஆம் நூற்றாண்டில் எருசலேமுக்கும் சீனாய்க்கும் போய்வந்த எகேரியா என்ற பெண்மணி, யோவான் அப்போஸ்தலரின் நினைவிடத்துக்காக எபேசுக்கும் போக வேண்டும் என்ற ஆசையைத் தன் பயணக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்கு அருகில் இன்றைய கப்பல் பயணியை நிறுத்தினால் இவர் சிறுத்துத்தான் தெரிவார்.

ஆனால் எபேசின் கதையே இந்த ஒப்பீட்டை அவ்வளவு சுலபமாக ஏற்க விடுவதில்லை. அப்போஸ்தலர் பவுல் இங்கே வந்தபோது இது ஆர்ட்டெமிஸ் தேவியின் ஊர். அவளுடைய கோயில் உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. அதைப் பார்க்கத் திரளும் வெளியூர்க்காரர்களை நம்பி ஊரில் பெரிய வியாபாரம் நடந்தது. கோயிலின் சிறிய வெள்ளி உருவங்களைச் செய்து விற்ற தெமேத்திரியு என்ற தட்டான், பவுலின் பிரசங்கத்தால் தன் தொழில் படுத்துவிடும் என்று மற்றத் தொழிலாளிகளைக் கூட்டிக் கிளப்பிவிட்டான். ஊரே நாடக அரங்கத்துக்குள் பாய்ந்தது; சுமார் இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைச் சொல்லிக் கத்தியது. எதற்காகக் கூடினோம் என்பதே அதில் பலருக்குத் தெரியவில்லை என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம். பக்தியும் பயணமும் கடையும் அன்றைக்கே ஒரே தெருவில்தான் இருந்தன. கப்பல் வந்துதான் தலம் கெட்டது என்பது சரியான வழக்கு அல்ல.

அந்த அரங்கம் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 25,000 பேர் உட்காரக்கூடிய கல் படிகள். அரை நாள் குழுக்கள் பெரும்பாலும் மேல்வாசலில் நுழைந்து, மிதிபட்டு மிதிபட்டு வழவழத்துப்போன பளிங்குத் தெருவில் கீழே இறங்கி வருகின்றன. எல்லாரும் நிற்கிற இடம் செல்சஸ் நூலகத்தின் முகப்பு. 1970-களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் விழுந்து கிடந்த கற்களைச் சேர்த்து மறுபடி நிறுத்தியது அது. மாடங்களில் உள்ள பெண் சிலைகள் நகல்கள், மூலங்கள் வியன்னாவில் இருக்கின்றன. அங்கே படம் எடுத்து முடிப்பதற்குள் நேரம் கரைந்துவிடும். அரங்கத்தைப் பலர் நடந்துகொண்டே பார்க்கிறார்கள்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. யாத்ரீகர் தேடிவரும் 'அதே இடம்' இருக்கிறதா? பவுல் காலத்தில் கப்பல்கள் நகரத்தின் வாசலுக்கே வந்தன. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. கடல் பல கிலோமீட்டர் விலகிப்போனது. ஊரும் மெல்ல மெல்ல வேறிடம் நகர்ந்தது. எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற சிந்தனைக்குப் பெயர் பெற்ற ஹெராக்ளிட்டஸ் பிறந்ததும் இதே எபேசில்தான். ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த இடத்தில் இப்போது உடைந்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண்தான் நிற்கிறது. அதன் உச்சியில் நாரைகள் கூடு கட்டுகின்றன.

மரியாளின் வீட்டிலோ இடம் பற்றிய ஐயமே அடித்தளமாக இருக்கிறது. ஜெர்மனியில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆன் கேத்தரின் எமெரிக் என்ற கன்னியாஸ்திரீ, ஒருபோதும் இங்கே வராமலே தாம் கண்ட காட்சிகளில் இந்த வீட்டை விவரித்தார். அவர் இறந்தது 1824-இல். அந்த விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்மிர்னாவிலிருந்து வந்த குருக்கள் 1891-இல் இந்த இடத்தைக் கண்டார்கள். மரியாள் எருசலேமிலேயே உயிர் நீத்தார் என்ற மரபும் வலுவானது. கத்தோலிக்கத் திருச்சபை இதுதான் அவர் வாழ்ந்த வீடு என்று தீர்ப்புச் சொன்னதில்லை. இருந்தும் 1967-இல் ஆறாம் பவுல், 1979-இல் இரண்டாம் யோவான் பவுல், 2006-இல் பதினாறாம் பெனடிக்ட் ஆகிய திருத்தந்தையர் வந்து ஜெபித்திருக்கிறார்கள். இஸ்லாமியரும் வருகிறார்கள், குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர்.

வீடு சிறியது. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்; பீடத்தின் முன் ஒரு நிமிடம் நின்றால் அதிகம். வெளியே ஊற்று நீர் வரும் குழாய்கள், அதையடுத்து நீண்ட சுவர். அந்தச் சுவர் முழுக்கத் துணிக் கிழிசல்கள், கைக்குட்டைகள், மடித்த காகிதங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக் கட்டிக் கல்லே தெரியாமல் மறைந்திருக்கிறது. பிள்ளை வரம், நோய், வேலை, பிரிந்துபோன உறவு என்று பல மொழிகளில் வேண்டுதல்கள். வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டுகிறவர்களைப் பார்த்தவருக்கு இங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு க்ஷேத்திரம் என்று எண்ணும் மனத்துக்கு இந்த மலை அந்நியமாகவும் படாது.

இந்தச் சுவரைப் பார்த்தபின் முதலில் கேட்ட கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கிறது. காகிதத்தை மடித்துக் கட்டுகிற பெண்ணுக்கு அந்த வீட்டின் அடித்தளம் எந்த நூற்றாண்டு என்ற கவலை இல்லை. அவர் பேருந்தில் வந்தாரா, நடந்து வந்தாரா என்பதும் அவர் வேண்டுதலைக் குறைப்பதில்லை. கொண்டுவந்த பாரம் உண்மையானது. அதை இறக்கி வைக்க ஓர் இடமும் சற்று நேரமும் போதும். ஆகவே கரைப் பயணத்தின் குறை அது குறுகியது என்பதில் இல்லை. அந்தக் குறுகிய நேரத்தையும் பேச்சாலும் படங்களாலும் கடையாலும் நிரப்பி, பயணிக்குத் தனக்கென்று ஒரு கணம்கூட விடாமல் ஓட்டிச் செல்வதுதான் குறை. நம்பிக்கை இல்லாதவருக்கும் இதில் இழப்பு உண்டு. ஊரே திரண்டு ஒரே குரலில் கத்திய இடத்தில் நின்று கூட்ட வெறி எப்படிப் பிறக்கிறது என்று யோசிக்க அவருக்கும் நேரம் வேண்டும்.

பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் கம்பளக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தில் கால் மணியை அந்த அரங்கத்தின் படிகளுக்குக் கொடுக்கட்டும். வழிகாட்டி அப்போது பேசாமல் இருக்கட்டும். துருக்கி, கிரேக்கம் என்று புனிதப் பயணம் புறப்படும் நம் ஊர்க்காரர்களே, முந்தின இரவே அப்போஸ்தலர் நடபடிகளின் அந்த 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். படித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. மறுநாள் படிகளில் உட்காரும்போது காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.