கொண்டு போவதும் வைத்துப் போவதும்

உத்தியோகத்தின் பொருட்டு ஓரூரினின்றும் மற்றோரூருக்குக் குடிபெயர்வோன் பெட்டி கட்டும் வேளையில் எழும் வினாக்கள் பெரும்பாலும் நிறையையும் இடத்தையும் பற்றியனவாகவே இருக்கும். லொறியில் எவ்வளவு கொள்ளும்? கண்ணாடிப் பாத்திரங்களை வைக்கோலிற் பொதிவதா, பழைய சேலைகளிற் சுற்றுவதா? இவை கைத்திறனுக்குரியவை, விடை காண்பதும் எளிது. ஆயினும் இவற்றிடையே அறத்தின்பாற்பட்ட வினாவொன்றும் மறைந்து கிடக்கின்றது. எடுத்துச் செல்ல இயலாதவற்றை, அல்லது எடுத்துச் செல்ல விரும்பாதவற்றை, நாம் என்ன செய்தல் முறை?

இவ்விடத்து நம் மொழியே நமக்குத் துணைசெய்கின்றது. புறப்படுவோன் ஒரு பொருளைக் கொண்டு போகலாம், கொடுத்துப் போகலாம், விட்டுப் போகலாம், வைத்துப் போகலாம். கொடுத்தால் உரிமை கைமாறிவிடுகின்றது. விட்டால் உறவு அறுந்துவிடுகின்றது. வைத்துப் போதல் இவ்விரண்டினும் வேறானது. வைத்தவன் திரும்பி வருவான் என்பது அதனுள் அடங்கிய ஒரு வாக்கு. அதுகாறும் அயலவர் அதனைக் காப்பர் என்பது மற்றொரு வாக்கு. விடைபெறும்போது ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் நம் வழக்கமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு இவ்வேறுபாட்டினை நூல் கொண்டு விளக்க வேண்டுவதில்லை. சோளகக் காற்றால் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு முதலாய இடங்களின் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் புரிவர். வாடைக் காற்று எழ, இக்கரைக் கடல் குழம்பும். அவர்களும் ஊர் மீள்வர். வலைகளும் இயந்திரங்களும் அவர்களோடு செல்லும். கரையில் தமக்குள்ள இடத்தை எவரும் கட்டிச் சுமந்து செல்ல முடியாதன்றோ? அதனை வைத்துவிட்டே போகின்றனர். அடுத்த சோளகத்தில் வருவர் என்பது ஐயமற்றதாகலின் இவ்வேற்பாடு பொய்யாவதில்லை. எனினும் கரை எவருக்குரியது என்னும் பிணக்குகள் இடையிடையே எழுந்தமையும் உண்மை. வைத்துப் போகும் பொருள் எதுவாயினும் அது பிறர் வாழும் இடத்திற் சிறிதை அடைத்துக்கொண்டே இருக்கின்றது. பெட்டி கட்டுவோர் இதனை எளிதில் மறந்துவிடுவர்.

விட்டுப் போதலுக்குச் சான்று சீனக்குடாவில் நிற்கின்றது. பிரித்தானியர் 1957 ஒக்ரோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றனர். தளத்தை நம்பி வந்து குடியேறியிருந்த தொழிலாளர் பலர் அதனோடு தொழிலிழந்து, தாமும் மூட்டை கட்டலாயினர். காட்டினூடே எழுப்பப்பட்ட 99 எண்ணெய்த் தாங்கிகள் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்குவன அல்ல; அவை நின்றுவிட்டன. அவற்றுள் எவை எவருடைய பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்பதனை வரையறுக்க 2022 ஜனவரியிலும் ஓர் உடன்படிக்கை வேண்டியிருந்தது. போனவருக்கு முடிந்துபோன கருமம் இருப்பவருக்கு அன்றுதான் தொடங்குகின்றது.

இதற்கு நேர்மாறான காட்சியொன்று சுவாமி மலையில் உண்டு. 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். அதற்குமுன் அடியார்கள் சில திருவுருவங்களைத் தம்பலகாமத்துக்குக் கொண்டுசென்றனர் என்பது வழிவழிச் செய்தி. வேறு சில மண்ணுள் மறைக்கப்பட்டன. 1950இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. வைத்தவருள் எவரும் திரும்பி வந்திலர். முந்நூறு ஆண்டுகட்கு மேலாக மண்ணே காவலிருந்தது. மண்ணுக்கு முதுமையில்லை, காத்திருக்கும் அலுப்புமில்லை. ஆதலின் அதனிடம் எவ்வளவு காலமும் ஒரு பொருளை வைத்திருக்கலாம். மனிதரிடம் அவ்வாறு வைத்தல் தகுமா என்பதே நம் வினா.

1983இன் பின்னர் கடல்கடந்து சென்றோர் பலர் வீட்டுத் திறவுகோலை அயலாரிடம் கொடுத்துச் சென்றனர். ‘கொஞ்சக் காலம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதே அன்று சொல்லிய சொல். அக்கொஞ்சக் காலம் முப்பது ஆண்டுகளாக நீண்ட வீடுகள் உண்டு. முற்றம் கூட்டி, கிணறு இறைத்து, ஓடு மாற்றி அவ்வீடுகளைக் காத்தவர்கள் அப்பணியிலேயே முதுமை எய்தினர். சென்றவரைக் குறைகூறுதல் என் கருத்தன்று. அவர்தம் அச்சம் மெய்யானது. 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கின் பிற ஊர்களிலிருந்தும் ஓடியவர்களுக்குத் திறவுகோலை ஒப்படைக்கவும் ஆளில்லை. அவர்களைச் சுற்றியிருந்தோர் அனைவரும் உடன் ஓடியவர்களே. அத்தகையோரிடம் எதனைக் கொண்டீர், எதனை வைத்தீர் என்று கேட்பது கொடுமை. உத்தியோக மாற்றத்துக்காகப் பெட்டி கட்டுவோன் நிலை வேறு. அவனுக்கு நாள்கள் உள, தெரிவுசெய்ய இடமுண்டு. தெரிவு உள்ளமையால் அவனிடம் இக்கேள்வியைக் கேட்கலாம்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை விடை காண்பது எளிது. கணக்கும் கோப்பும் திறவுகோலும் பின்வருவோனிடம் ஒப்படைக்கப்படும். கோப்பில் ஏறாத அறிவும் ஒன்றுண்டு: எந்த முதியவர் ஓய்வூதியத்துக்காக எத்தனை முறை வந்து திரும்பினார், மழை நாளில் எந்தக் கிராமத்துப் பாதை மூடப்படும் என்பன போன்றவை. கொடுத்த பின்னும் கொண்டு போகக்கூடிய பொருள் அது ஒன்றே. அதனைச் சொல்லாது செல்வோன் எவ்வகையிலும் சிக்கனம் செய்தவனாகான்.

வீட்டுப் பொருள்களே இடர் தருவன. அடுத்த மாதம் கொழும்பிற் கடமையேற்கவிருக்கும் எனக்கு உவர்மலை வாடகை வீட்டில் எஞ்சியது அன்னையாரின் அம்மி. மூன்றாம் மாடித் தொடர்மனைக்கு அதனை ஏற்றுதல் நடவாது. அடுத்த வீட்டு அக்கா, “தம்பி, அதை இங்க வைச்சிட்டுப் போங்கோ, வரேக்க எடுக்கலாம்” என்றார். நான் மீண்டு வருவேன் என்று உறுதி கூறுதற்கில்லை. அவ்வாறாயின் வைத்துப் போவது அவரை ஒரு கல்லுக்குக் காவலிருத்துவதாகும். ஆதலின், “வைக்கவில்லை அக்கா, உங்களுக்கே தருகிறேன்” என்றேன். அவர் உடன்படவில்லை. “தாறதெண்டால் எனக்கு வேண்டாம். என்னட்டையும் ஒரு அம்மி கிடக்கு. வைக்கிறதெண்டால் வையுங்கோ” என்றார்.

மேலே வகுத்த பாகுபாட்டில் காப்பவரின் விருப்பத்துக்கும் ஓரிடம் வேண்டும் என்பதை அவர் சொல் காட்டுகின்றது. திரும்பி வராதிருக்கக்கூடும் என அறிந்தும் ஒருவர் காக்க இசைவாராயின் ஆங்கு வஞ்சனை இல்லை. வராதிருக்கக்கூடும் என்பதை அவரிடம் வாய்விட்டுக் கூறுதல் மட்டும் போவோன் கடனாக எஞ்சுகின்றது. கூறினேன். “அது தெரியும்” என்றார். அம்மி இப்பொழுது அவர் கிணற்றடியில் இருக்கின்றது. வெயிலிற் கிடந்து வீணாகாமல் அதில் நாளும் அரைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டதற்கு, தமது அம்மியைவிட அது சற்றே சாய்வு கூடியது, பழக நாள் எடுக்கும் என்றார்.