விடை தெரிந்த பிள்ளை வழிமுறை எழுதுவானா?

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை மற்ற பாடங்களைத் தொடாவிட்டால், ராமானுஜனும் அப்படித்தான் என்று உறவினர்கள் சமாதானம் சொல்வார்கள். அந்தக் கதையைப் பாதியில் நிறுத்துவதுதான் எனக்கு வருத்தம். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் வைக்காமல் அதை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைக்கும்வரை பட்டது பெரும்பாடு. அந்த வறுமையை எந்தப் பிள்ளைக்கும் முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வராது.

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு. கணக்கைப் படித்து முடிக்குமுன் விடை சொல்வான். நோட்டில் எழுதச் சொன்னால் முகம் வாடிவிடும். "விடை சரிதானே சித்தி, ஸ்டெப்ஸ் எதுக்கு?" நியாயமான கேள்வி. இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பள்ளியில் எதுவுமே அவனைத் திணற வைக்கவில்லை. திணறாதவனுக்கு முயற்சி எப்படிப் பழகும்?

அவனிடம் ராமானுஜனின் சிலேட்டைப் பற்றிச் சொன்னேன். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர் அவர். அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடித் தொகுக்க புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளருக்கு இருபது வருஷத்துக்கும் மேல் ஆயிற்று, ஐந்து தொகுதிகள். "அழிக்காம வச்சிருந்தா?" என்று கேட்டான்.

ஆனால் கதை சொல்லி யாரையும் எழுத வைக்க முடியாது. ராமானுஜன் ஆராய்ந்த விஷயத்திலிருந்தே ஒரு கணக்கு கொடுத்தேன். 4-ஐ இயல் எண்களின் கூட்டலாக, வரிசை மாறுவதைக் கணக்கில் எடுக்காமல், எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. "அஞ்சு" என்றான் உடனே. 5-க்கு ஏழு, அதுவும் மனக்கணக்குதான். 10-க்கு? ஒரு விடை சொன்னான், தப்பு. இன்னொன்று, அதுவும் தப்பு. எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று தலைக்குள் நிற்கவில்லை. கடைசியில் பென்சிலை எடுத்து, பெரிய எண்ணில் தொடங்கி வரிசையாக எழுதினான். இரண்டு பக்கம் நிறைந்து 42 வந்தது.

இப்போது ஆசிரியையிடம் பேசி, பத்துக் கணக்கில் மூன்றுக்கு மட்டும் முழு வழிமுறை, மீதி நேரத்துக்கு இப்படியொரு கணக்கு என்று ஏற்பாடு. சமூக அறிவியல் கேள்வி-பதிலுக்கு இந்த வழி செல்லாது. அது சலிப்பான வேலைதான் என்று அவனிடம் ஒப்புக்கொண்டு, எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.